தலைமுடியை விலக்கி ஒளியை உள்ளே விடுதல்: எடுத்துச் செல்லும் கருவிகளால் மூளை இயக்கத்தைப் பதிவு செய்யும் முறை

மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அந்தப் பகுதிக்கு அடுத்த சில நொடிகளில் இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அந்த மாற்றத்தைத் தலைக்கு வெளியிலிருந்து ஒளியாலோ ஒலியாலோ அறிவதே இங்கு நாம் பேசப்போகும் கருவிகள் அனைத்துக்கும் அடிப்படை. எம்.ஆர்.ஐ. கருவியும் இதே மாற்றத்தைத்தான் பார்க்கிறது. ஆனால் அது டன் கணக்கில் எடையுள்ளது, தனி அறை கேட்பது, உள்ளே படுத்திருப்பவரை அசையவிடாதது. ஒளியால் அளக்கும் தொப்பியைத் தாயின் மடியில் இருக்கும் குழந்தைக்கும், நடந்துகொண்டிருக்கும் முதியவருக்கும் போட்டுவிடலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில், கெனிபா என்ற கிராமத்தில், பிரிட்டன் ஆய்வாளர்கள் பச்சிளங்குழந்தைகளின் மூளை வளர்ச்சியை இந்த முறையில் பதிவு செய்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மருத்துவமனைக்கு வர இயலாத மனிதர்களைத் தேடி ஆய்வகம் செல்ல முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

உளவியல், உயிர்மருத்துவப் பொறியியல், இயன்முறை மருத்துவம் போன்ற துறைகளில் முதன்முறையாக இத்தகைய கருவியைக் கையில் எடுக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கருவியை வாங்குவதும் மென்பொருளை இயக்குவதும் இந்த வேலையின் எளிய பகுதிகள். கிடைத்த பதிவு மூளையினுடையதா, தலைத்தோலினுடையதா என்று உறுதி செய்வதுதான் கடினம். அந்த உறுதியின் பெரும்பகுதி, பதிவு தொடங்குவதற்கு முன்னால் முடியை விலக்கிச் செலவிடும் அரை மணி நேரத்தில்தான் கிடைக்கிறது.

ஒளி எதை அளக்கிறது

இருட்டில் கைப்பேசியின் டார்ச் விளக்கை விரலால் மூடினால் விரல் சிவப்பாக ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். நீலமும் பச்சையும் இரத்தத்தில் உறிஞ்சப்பட்டுவிட, சிவப்பு மட்டும் மிஞ்சி வெளியே வருகிறது. ஏறக்குறைய 650 நானோமீட்டர் முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள ஒளி, தோலையும் எலும்பையும் கடந்து ஓரளவு உள்ளே செல்லும். அதற்குக் கீழே ஹீமோகுளோபினும், அதற்கு மேலே போகப் போகத் தண்ணீரும் ஒளியை விழுங்கிவிடுகின்றன. இந்த இடைவெளியைப் பயன்படுத்தி உயிருள்ள மூளையின் ஆக்சிஜன் நிலையை வெளியிலிருந்தே அறியலாம் என்று 1977இல் காட்டியவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ். 1993இல் ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் குழுக்கள், மனிதர் ஒரு செயலைச் செய்யும்போது ஏற்படும் மாற்றத்தையே இம்முறையில் பதிவு செய்தன. அகச்சிவப்பை ஒட்டிய ஒளியால் மூளை இயக்கத்தை அளக்கும், எஃப்நிர்ஸ் (fNIRS) என்று இன்று அழைக்கப்படும் முறை அங்கிருந்து வளர்ந்தது.

ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் ஒளியை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. 760 நானோமீட்டர் அருகே இரண்டாவது கூடுதலாக உறிஞ்சும். 850 நானோமீட்டர் அருகே முதலாவது கூடுதலாக உறிஞ்சும். 800ஐ ஒட்டிய இடத்தில் இரண்டும் சமம். எனவே அந்தச் சம இடத்துக்கு இருபுறமும் ஒவ்வோர் அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்து, வெளிவரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை அளந்தால், இரண்டு சமன்பாடுகளிலிருந்து இரண்டு வகை ஹீமோகுளோபினின் மாற்றத்தையும் கணக்கிடலாம். ஒளி தலைக்குள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரியவர்களின் தலையில் அது சிதறிச் சிதறிச் செல்லும் பாதை, ஒளியை விடும் மூலத்துக்கும் திரும்பி வரும் ஒளியைப் பிடிக்கும் உணரிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. அதாவது 3 செ.மீ. இடைவெளிக்கு ஒளி கடக்கும் பாதை சுமார் 18 செ.மீ.

அந்த 3 செ.மீ. இடைவெளிதான் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு. ஒளி எட்டும் ஆழம் இடைவெளியில் ஏறக்குறைய பாதி என்று கொண்டால், மூளையின் வெளியடுக்கான புறணியின் மேற்பரப்பு வரை மட்டுமே எட்ட முடியும். பயத்தோடு தொடர்புடைய அமிக்டலாவும் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பசும் இந்த ஒளிக்கு எட்டாத ஆழத்தில் உள்ளன. அவற்றை அளப்பதாகச் சொல்லும் தொப்பி விளம்பரம் எதையும் நம்ப வேண்டாம்.

முதல் ஆய்வுக்கு எந்தச் செயலைத் தேர்ந்தெடுப்பது

நெற்றியில் முடி இல்லை என்பதால் பலரும் நெற்றியில் தொடங்கி, சொற்களைச் சொல்லும் செயலையோ மனக்கணக்கையோ கொடுக்கிறார்கள். தொடக்கநிலையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேசும்போது தாடைத் தசை அசைகிறது. கணக்கு தவறிவிடுமோ என்ற பதற்றத்தில் நெற்றித் தோலின் இரத்த ஓட்டமே மாறுகிறது. இரண்டும் மூளைச் செயலைப் போலவே பதிவில் தோன்றும். மாறாக, வலது கை விரல்களைக் கட்டைவிரலோடு மாறி மாறித் தட்டும் செயல் எளியது, விடை தெரிந்தது. இடப்பக்க இயக்கப் புறணியில் மாற்றம் தெரிய வேண்டும். வலப்பக்கத்தில் குறைவாக இருக்க வேண்டும். அப்படி வராவிட்டால் பிழை உங்கள் முறையில் உள்ளது என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

20 நொடி தட்டுதல், பிறகு 20 முதல் 30 நொடி வரை ஓய்வு, இதைப் பத்து முறை செய்தால் ஏழரை நிமிடம் ஆகும். ஓய்வு நேரத்தை ஒவ்வொரு முறையும் சற்று மாற்றுவது முக்கியம். இரத்த அழுத்தம் ஏறத்தாழ பத்து நொடிக்கு ஒருமுறை தானாகவே ஏறி இறங்கும். மேயர் அலை என்பது இதன் பெயர். உங்கள் செயலும் மாறாத சுழற்சியில் வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு எந்தக் கணக்காலும் பிரிக்க இயலாது. தொடக்கத்தில் ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் அமர்ந்திருக்கும் பதிவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வருபவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் யார் தலையிலும் தொப்பியை வைக்கக் கூடாது. இந்தியாவில் இதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் பொருந்தும். ஒப்புதல் படிவம் அவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். இந்தக் கருவி எண்ணங்களைப் படிக்காது, நோயைக் கண்டறிந்து சொல்லாது என்ற இரண்டையும் வாய்விட்டே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் பலருக்கு முதலில் எழும் அச்சம் அதுதான்.

முந்தைய நாள் தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். எண்ணெய் தடவிய தலையில் தொப்பி வழுக்கும், அதில் பொருத்திய ஒளிமூலங்களும் உணரிகளுமான முனைகள் இடம்மாறும். பூ, கிளிப், இறுகப் பின்னிய சடை, உச்சிக்கொண்டை ஆகியவை வேண்டாம். கழுத்துக்குக் கீழே தளர்வாகக் கட்டிய முடி போதும். நெற்றியில் அளப்பதானால் விபூதி, குங்குமம், சந்தனம், ஸ்டிக்கர் பொட்டு ஆகியவை ஒளியின் வழியில் நிற்கும். அவற்றைத் துடைக்க வேண்டியிருக்கும் என்று முந்தைய நாளே சொல்லி, அவருக்கு விருப்பமில்லை என்றால் வேறிடத்தில் அளக்கத் திட்டமிடுங்கள். தலைத்துணி அணியும் பெண்களுக்குக் கதவு அடைத்த அறையும் பெண் உதவியாளரும் தேவை. கடைசி நேரத்தில் கேட்டு ஒருவரைச் சங்கடப்படுத்துவது மனிதருக்கும் நல்லதன்று, பதிவுக்கும் நல்லதன்று.

அறை வெயில் படாததாக இருக்கட்டும். சூரிய ஒளியிலும் பழைய குண்டு பல்பிலும் அகச்சிவப்பு நிறைய உள்ளது. வியர்வை வரும் அளவுக்குப் புழுக்கம் இருந்தால் தலைத்தோலின் இரத்த ஓட்டம் கூடும் என்பதால் மின்விசிறியோ ஏ.சி.யோ அவசியம்.

தொப்பியை வைத்தலும் முடியை விலக்குதலும்

மூக்கின் வேர்ப்பள்ளத்திலிருந்து பிடரியில் புடைத்திருக்கும் எலும்பு முனை வரை உச்சி வழியாக அளவுநாடாவால் அளந்து நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு காதின் முன்னுள்ள குழியிலிருந்து மறுகாதின் குழி வரை அளந்து அதன் நடுவையும் குறியுங்கள். இரண்டும் சந்திக்குமிடம் உச்சிப்புள்ளி. மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுப்பவர்கள் 1958 முதல் பின்பற்றிவரும் பத்து–இருபது முறை இதுவே. காதுக்குக் காது 36 செ.மீ. இருந்தால், அதில் 20 விழுக்காடான 7.2 செ.மீ. தூரத்தை உச்சியிலிருந்து இடப்பக்கம் இறக்குங்கள். அந்த இடம் சி3, வலது கையை இயக்கும் புறணி அதன் அடியில் உள்ளது. தொப்பியில் சி3 என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல் உங்கள் குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொப்பி ஒரு செ.மீ. நகர்ந்தாலும் நீங்கள் அளப்பது வேறு இடம்.

இனி பொறுமை வேண்டிய வேலை. கருமையான, அடர்ந்த முடி ஒளியைப் பெருமளவு உறிஞ்சிவிடும். தோலின் நிறமியான மெலனினும் தன் பங்குக்கு உறிஞ்சும். இந்தத் துறையின் கருவிகளும் பழக்கங்களும் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வகங்களில் மெல்லிய வெளிர்முடி கொண்ட தலைகளில் பழகி உருவானவை. அதனால் ‘சிக்னல் கிடைக்கவில்லை’ என்று கருமுடியும் சுருள்முடியும் கொண்டவர்களை ஆய்விலிருந்து விலக்கிவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. நாம் அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. நம் தலைகளுக்கு நேரம் கூடுதலாகத் தேவை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு முனையின் துளையிலும் பஞ்சு சுற்றிய குச்சியின் மழுங்கிய முனையை நுழைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றினால் முடி ஓரங்களுக்கு ஒதுங்கும். அல்ட்ராசவுண்டுக்குப் பயன்படும் தெளிந்த ஜெல்லை ஒரு சொட்டு வைத்தால் ஒதுங்கிய முடி திரும்பி வராது. துளைக்குள் சிறு டார்ச் அடித்துப் பாருங்கள். தலைத்தோல் ஒரு புள்ளியாகவாவது வெளிப்பட்டுத் தெரிய வேண்டும், கருமை மட்டும் தெரிந்தால் இன்னும் விலக்க வேண்டும். பிறகே முனையைச் செங்குத்தாகச் செருகுங்கள். சரிந்து செருகினால் விலக்கிய முடியை முனையே மீண்டும் உள்ளே இழுத்துவிடும். ஜெல்லை அள்ளி வைப்பதும் தவறு: பக்கத்துத் துளைகளின் ஜெல் ஒன்றாகக் கலந்தால் ஒளி தலைக்குள் போகாமல் மேலாகவே உணரிக்குத் தாவிவிடும்.

ஒளிமூலங்களைத் தொப்பி தலையில் அமர்ந்த பிறகே இயக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் கண் தானாக மூடிக்கொள்ளாது. லேசர் வகைக் கருவியில் இது அசட்டை செய்யக் கூடாத விஷயம். எல்லாம் முடிந்தபின் கறுப்பு மேலுறை ஒன்றைப் போர்த்திவிடுங்கள்.

பதிவு நல்லதா என்று பார்ப்பது

850 நானோமீட்டர் அலைநீளத்தின் மூலப்பதிவைத் திரையில் விரித்து வைத்து இதயத்துடிப்பைத் தேடுங்கள். நொடிக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாக, ஒழுங்கான சிறு மேடுகள் தெரிந்தால் ஒளி தோலைத் தொடுகிறது என்று பொருள். மேடுகள் இல்லாமல் முள்முள்ளாகத் தெரியும் சேனலில், அதாவது ஒரு மூலமும் ஓர் உணரியும் சேர்ந்த இணையில், முடி தடுக்கிறது. அந்த முனையை எடுத்து மீண்டும் விலக்குங்கள். இரு அலைநீளங்களிலும் இந்தத் துடிப்பு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை எண்ணாகத் தரும் அளவீடும் மென்பொருள்களில் உண்டு, 0.7 முதல் 0.8 வரையான ஏதோவொரு மதிப்பை வரம்பாக வைத்துக்கொண்டு அதற்குக் கீழுள்ள சேனல்களை ஒதுக்குவது பலரின் வழக்கம். வரம்பைப் பதிவுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

குறுகிய சேனல் இல்லாத கருவியை வாங்காதீர்கள். மூலத்துக்கும் உணரிக்கும் இடையே 8 மி.மீ. மட்டுமே உள்ள இணை அது. அதன் ஒளி மூளையை எட்டாது. தலைத்தோலின் இரத்த ஓட்டத்தை மட்டும் சொல்லும். நீண்ட சேனலில் தெரியும் மாற்றத்திலிருந்து இந்தத் தோல் பங்கைக் கழித்தால்தான் எஞ்சுவது மூளையுடையது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

கணக்கிடும் வரிசையும் மாறக் கூடாது. முதலில் ஒளியின் அளவை ஒளியடர்த்தியாக (ஒளி எவ்வளவு மங்கியது என்பதன் மடக்கை அளவாக) மாற்றி, மோசமான சேனல்களை நீக்கி, தலை அசைந்ததால் வந்த திடீர்த் தாவல்களைத் திருத்திய பிறகே ஹீமோகுளோபின் அளவாக மாற்ற வேண்டும். தேவையற்ற அதிர்வெண்களை வடிகட்டும்போது ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: செயலும் ஓய்வும் சேர்ந்து 45 நொடி என்றால் அந்தச் சுழற்சியின் அதிர்வெண் 0.022 ஹெர்ட்ஸ். மெதுவான சரிவை நீக்குவதற்காக 0.05 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதையெல்லாம் வெட்டினால், தேடிவந்த மாற்றத்தின் பெரும்பகுதியையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். 0.01 பாதுகாப்பானது. ஹோமர்3, பைத்தானில் இயங்கும் எம்.என்.ஈ.–நிர்ஸ் ஆகிய இரண்டு மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

எல்லாம் சரியாக இருந்தால், விரல் தட்டத் தொடங்கி ஐந்தாறு நொடிகளில் ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினின் கோடு உயரும். மற்றதன் கோடு அதைவிடச் சிறிய அளவில் தாழும். இரண்டும் எதிரெதிராகப் போவதுதான் மூளைச் செயலின் அடையாளம். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அசைவையோ தோலையோ சந்தேகியுங்கள்.

ஒலியைச் சேர்ப்பது

எடுத்துச் செல்லக்கூடிய ஒலிக்கருவிகளில் இன்று நம் கைக்கு எட்டுவது, மண்டையோட்டின் வழியாக டாப்ளர் முறையில் (ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுவதைக் கொண்டு) இரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் கருவி. ரூனே ஆஸ்லிட் என்பவரும் அவருடைய குழுவினரும் 1982இல் அறிமுகப்படுத்திய இம்முறை, பக்கவாத மருத்துவத்தில் நன்கு பழகியது. கன்னமேட்டு எலும்புக்கு மேலே, காதுக்குச் சற்று முன்னால், மண்டையோடு மெலிந்திருக்கும் இடத்தில் 2 மெகாஹெர்ட்ஸ் முனையை ஜெல்லோடு வைத்து, ஏறக்குறைய 50 மி.மீ. ஆழத்தில், முனையை நோக்கி வரும் ஓட்டத்தைத் தேட வேண்டும். அதுவே மூளையின் நடுத் தமனி. பத்தில் ஒருவருக்காவது அந்த எலும்பு தடித்திருந்து ஒலியை விடாது. முதிய பெண்களிடம் இது அதிகம். கிடைக்கவில்லை என்றால் ஒலியின் திறனைக் கூட்டிக்கொண்டே போகாமல் நிறுத்திவிடுங்கள்.

இருபக்கமும் ஒரே நேரத்தில் அளந்தால், மொழியை மூளையின் எந்தப் பக்கம் கூடுதலாகக் கையாள்கிறது என்று பார்க்கலாம். ஓர் எழுத்தைக் காட்டி, அதில் தொடங்கும் சொற்களை 15 நொடி மனத்துக்குள் நினைக்கச் சொல்வது வழக்கமான செயல். தமிழில் இதைச் செய்யும்போது க, ச, த, ப, ம, வ போன்ற எழுத்துகளையே பயன்படுத்துங்கள். ட, ண, ள ஆகியவற்றில் தமிழ்ச்சொற்கள் தொடங்குவதில்லை. மூச்சைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் ஓட்டம் இருபக்கமும் எகிறிவிடும். ஒளித்தொப்பி எந்த இடம் என்பதைச் சொல்கிறது, டாப்ளர் பெருந்தமனியின் ஓட்டம் எவ்வளவு மாறியது என்பதைச் சொல்கிறது; ஒரே நேரக்குறியோடு இரண்டையும் பதிவு செய்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும்.

ஒளியையும் ஒலியையும் ஒரே நிகழ்வில் இணைக்கும் முறைகளும் உள்ளன. ஒளி விட்டுவிட்டுப் படும் பொருள் ஒலி எழுப்பும் என்பதை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880இலேயே கண்டார். சில நானோநொடி மட்டுமே நீடிக்கும் லேசர்த் துடிப்பு இரத்தத்தில் உறிஞ்சப்பட்டு, ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு சூட்டை ஏற்படுத்த, திசு நொடியில் விரிந்து மீயொலி (அல்ட்ராசவுண்டு) அலையை எழுப்புகிறது. ஒலி ஒளியைவிட மிகக் குறைவாகவே சிதறுவதால் படம் கூர்மையாக வரும். அமெரிக்காவில் பணிபுரியும் ஆய்வாளர் லிகோங் வாங்கின் குழுவினர் 2003இல் எலியின் மூளையையும், 2021இல் மண்டையோட்டின் ஒரு பகுதி அறுவை சிகிச்சையால் அகற்றப்பட்டிருந்த மனிதர்களின் மூளையையும் இம்முறையில் படமெடுத்தார்கள். ‘அகற்றப்பட்டிருந்த’ என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். பெரியவர்களின் முழு மண்டையோடு மீயொலியை வலுவிழக்கச் செய்து, உருக்குலைத்தும் விடுகிறது. அதிவேக மீயொலிப் படமெடுப்பும் இதே சுவரில்தான் மோதுகிறது: பிறந்த குழந்தைகளுக்கு உச்சிக்குழி மூடாதிருப்பதால் அதன் வழியே 2017இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அளந்தார்கள், 2024இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மண்டையோட்டில் மீயொலியை உள்ளே விடும் செயற்கைத் தகடு பொருத்தப்பட்ட ஒருவரிடம் அளந்தார்கள். ஆகவே இத்தகைய படங்களைத் தலையில் மாட்டும் தொப்பியாலேயே எடுத்துவிடலாம் என்று யாரேனும் உங்களிடம் விற்க வந்தால், முழு மண்டையோடு கொண்ட பெரியவர்களிடம் எடுத்த பதிவைக் காட்டச் சொல்லுங்கள்.

எழுதி வைக்க வேண்டியவை

ஒருவரின் ஒரு பதிவைக் கொண்டு அவரைப் பற்றி எந்த முடிவும் சொல்லாதீர்கள். அவரே திரையைப் பார்த்து ‘என் மூளை சரியாக இருக்கிறதா’ என்று கேட்டாலும், இது அதற்கான சோதனை அல்ல என்று மட்டும் சொல்லுங்கள். ஆய்வறிக்கையில் அலைநீளங்கள், இடைவெளிகள், குறுகிய சேனல்களின் எண்ணிக்கை, வடிகட்டிய எல்லைகள் ஆகியவற்றோடு, எத்தனை சேனல்கள் யார் யாரிடம் ஏன் நீக்கப்பட்டன, முடியின் அடர்த்தி, சுருள், நிறம், தோலின் நிறம் என்னவாக இருந்தன, முடி விலக்க எவ்வளவு நேரம் ஆனது, சிக்னல் கிடைக்காமல் எத்தனை பேரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது என்பவற்றையும் எழுதுங்கள். பெரும்பாலான கட்டுரைகளில் இந்த விவரங்கள் இல்லை. அடர்ந்த கருமுடியில் எந்த முனை வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதை அடுத்து வருபவர் உங்கள் குறிப்பிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.